எதிர் வீட்டு மாத்திரை

ஏரிக்கரை மேட்டில் ஏறும்போதே செருப்பு வார் அறுந்துவிடும் என்று நினைத்தேன், அறுபடவில்லை; அதுவாவது இன்றைக்கு என் பக்கம் இருக்கிறது. மணி ஒன்பதே கால். கரையோடு நடந்தால் புதுத்தெருவுக்கு அரை மணி நேரம், ஓடினால் இருபது நிமிடம், ஆனால் நாற்பத்தோரு வயதில் ஒரு தோளில் பிரஷர் மிஷினும் இன்னொரு தோளில் மாத்திரைப் பையுமாக ஓடினால் எதிரே வருகிறவர்கள் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள், நான் என்ன சொல்வது, இன்னும் தெரியாது, போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றா. சே, என்ன நினைப்பு இது. கமலவேணியக்கா நன்றாகத்தான் இருக்கும். இந்நேரம் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும். அப்படியென்றால் போனை ஏன் எடுக்கவில்லை. ஏழு முறை அடித்தேன், ஏழு முறையும் அந்தப் பெண் வந்து நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்கிறாள், அவளுக்கென்ன, பதற்றமே இல்லாத குரல். எல்லாம் இந்தக் கையால் வந்தது. இந்த வலது கையால். மூன்று வருடமாக இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கு மாத்திரை கொடுக்கிற கை, கவரைப் பார்க்காமலே எது யாருடையது என்று தெரியும் என்று பீற்றிக்கொண்ட கை. மேட்டுத்தெரு செல்வியிடம் போன மாதம்கூடச் சொன்னேன், கண்ணைக் கட்டிவிட்டாலும் கொடுப்பேன் என்று. கட்டாமலே கொடுத்திருக்கிறேன், அதுவும் தப்பாக.

என் வேலை பெரிய வேலை இல்லை. மாதம் ஒருமுறை வீடு வீடாகப் போய் பிரஷர் பார்ப்பேன், சர்க்கரை பார்ப்பேன், ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வாங்கிவந்த மாத்திரையை அவரவர்க்கு எண்ணிக் கவரில் போட்டுக் கொடுப்பேன். முதல் நாளே வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து கவர்களைத் தயார் செய்து, தெருவில் வீடு எப்படி வருகிறதோ அந்த வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டுவிடுவேன். கவரின் மேல் பெயர் எழுதுவதில்லை, எழுதினால் நேரமாகும், புதுத்தெரு ஒன்று, புதுத்தெரு இரண்டு என்று எண் மட்டும். பஸ் நிறுத்தத்துப் பக்கம் நுழைந்து, மேலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே போனால் தெருக் கோடியில் கட்டு தீர்ந்துவிடும். திங்கட்கிழமை பஸ் நிறுத்தத்துப் பக்கம் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். சரி என்று சுற்றிக்கொண்டு ஏரிப்பக்கமாக நுழைந்தேன், கடைசி வீடு முதல் வீடாகிவிட்டது, அது எனக்குத் தெரியாதா, கட்டைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டேன். புத்திசாலி. கட்டைத் திருப்பினேன், காலைத் திருப்பவில்லை. மற்ற வீடுகளெல்லாம் ஒரே சாரியில், கடைசி இரண்டு மட்டும் எதிரெதிர் வீடு, கமலவேணியக்கா வீடு ஒன்று, லாரி தங்கராசண்ணன் வீடு ஒன்று. எப்போதும் அக்கா வீட்டுக்கு முதலில், பிறகு அண்ணன் வீட்டுக்கு. திருப்பின கட்டில் அண்ணன் கவர்தானே முதலில் வரும். கால் பழக்கப்படி அக்கா வீட்டுக்குப் போய்விட்டது. இன்று காலையில் வேறு தெருவுக்காகக் கட்டை எடுத்து, அங்கேயும் பள்ளம் இருக்கிறதே என்று திருப்பினேன், அப்போதுதான் கை அப்படியே நின்றது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட என் பெண் வந்துதான் அணைத்தாள்.

அக்காவுக்குப் பிரஷர் மட்டும்தான். அண்ணனுக்குச் சர்க்கரை மட்டும்தான். அண்ணன் இரண்டு நாள் பிரஷர் மாத்திரை போட்டால் கொஞ்சம் தலை சுற்றும், சர்க்கரை கொஞ்சம் ஏறும், அந்த மனுஷன் கேசரியே சாப்பிடுகிறவர். ஆனால் அக்கா. பயிற்சியில் அந்த இளம் டாக்டர் பலகையில் எழுதியே போட்டார், சர்க்கரை இல்லாத ஆள் சர்க்கரை மாத்திரை போட்டால் என்ன ஆகும் என்று: வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், பிறகு மயக்கம். அந்த நான்கையும் நான் நோட்டில் பச்சை மையில் எழுதினேன், சிவப்பு மை தீர்ந்துபோயிருந்தது. மாத்திரையும் பச்சை. ஏன் இதெல்லாம் இப்போது ஞாபகம் வருகிறது. திங்கட்கிழமை அக்கா கவரை வாங்கும்போது பழையது இன்றோடு சரி என்று சொன்னது. அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை காலையில் புதுக் கவரைப் பிரித்திருக்கும். செவ்வாய்க்கிழமை அக்கா முருகனுக்கு விரதம். பொழுது சாய்கிறவரை பச்சைத் தண்ணீர்தான். முன்பெல்லாம் விரத நாளில் மாத்திரையும் போடாது, வெறும் வயிற்றில் எப்படிப் போடுவது என்று கேட்கும். நான்தான். நான்தான் நான்கு மாதம் நச்சரித்தேன். "முருகன் மாத்திரையைக் கணக்குல எடுத்துக்க மாட்டாருக்கா, ஒரு மாத்திரையால விரதம் கெடாது, போடாம விட்டுட்டு வாய் கோணிக்கிச்சுன்னா யாரு பாக்கறது?" என்று கேட்டேன். போன மாதம் ஒரு வழியாகச் சரி என்றது. எனக்கு என்ன பெருமை. மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன், எல்லோரும் கை தட்டினார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அக்கா நேற்று எந்த மாத்திரையும் போட்டிருக்காது. நல்லது சொன்னேன், அது இப்படியா வந்து நிற்க வேண்டும்.

மதகு வந்துவிட்டது, பாதி தூரம். ஏரியில் தண்ணீர் அடிவயிற்றில் கிடக்கிறது, நடுவில் இரண்டு கொக்கு, மறுகரையில் சிமெண்ட் லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகிறது, எல்லாம் எப்போதும்போல. நர்சம்மாவுக்குச் சொல்ல வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு முறை எண்ணை எடுத்தேன், மணி அடிப்பதற்குள் துண்டித்துவிட்டேன். ஏன் துண்டித்தேன், பயந்தேன், அவ்வளவுதான். ஜெசிந்தா நர்சம்மா நான்கு ஊருக்கு ஒரு ஆள், என்னை இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவர்கள்தான், இந்திராணி பத்தாவதுதான் படித்திருக்கிறாள் ஆனால் கவனமான ஆள் என்று எழுதிக் கொடுத்தார்கள். கவனமான ஆள். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் எனக்கு ஊரில் பெயரே கிடையாது, முருகேசன் பெண்டாட்டி, ரம்யா அம்மா. இப்போது கரையில் மாடு மேய்க்கிறவர்கூட "மாத்திரக்கார அம்மா, இந்தக் கால் வீக்கத்தப் பாரு" என்று வேட்டியைத் தூக்கிக் காட்டுகிறார். இந்தப் பெயர் போய்விடும். போகட்டும், பெயர் போனால் போகிறது, அங்கே ஒரு மனுஷி தனியாகக் கிடக்கிறாளே, பிள்ளை ஓசூரில், பெண் கட்டிக்கொடுத்த இடத்தில், கதவைத் தட்ட ஆள் இல்லை, எதிர் வீட்டுக்காரரோடு நான்கு வருடமாகப் பேச்சு இல்லை. சாக்கடைத் தண்ணீர் அவர் வாசலுக்குப் போகிறது என்று ஆரம்பித்த சண்டை, பஞ்சாயத்து வைத்தும் தீரவில்லை. அக்கா தெருவிலேயே விழுந்து கிடந்தாலும் அண்ணன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். நான் இங்கே நின்று கொக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடித்தேன். எடுத்துவிட்டார்கள்.

"நர்சம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. புதுத்தெருல சர்க்கர மாத்திரைய பிரஷர்காரங்க வீட்ல குடுத்துட்டேன்" என்றேன். அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழும் சத்தம், பிறகு கதவைச் சாத்துகிற சத்தம். "எப்ப?" என்றார்கள். "திங்கக்கெழம." "போட்டுட்டாங்களா?" "தெரியல, போன் எடுக்கல, நான் கரமேல போயிட்டிருக்கேன்." "சரி, கேளுங்க. முழிச்சிருந்தா சர்க்கரத் தண்ணி கரைச்சுக் குடுங்க. மயக்கமா கெடந்தா வாயில எதுவும் ஊத்தாதீங்க, பொரை ஏறிடும், நேரா நூத்தியெட்டுக்கு அடிங்க. நான் வண்டிய எடுத்துட்டேன். எதிர் வீட்டையும் பாக்கணும். திட்டுறத நேர்ல வச்சுக்கலாம், இப்ப வேகமாப் போங்க." போன் நின்றுவிட்டது. திட்டியிருந்தால் தேவலாம். நேரில் திட்டப்போகிற நாக்கு அங்கே தயாராக இருக்கிறது. ஆனாலும் சொன்ன பிறகு கால் லேசாகிவிட்டது, அதை மறைக்க முடியாது, ஓடவே ஓடினேன். பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கிறதா, இருக்கிறது, சமையலறையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தது, கொஞ்சம் சிந்தி மிஷினெல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. வாயில் ஊற்றக் கூடாது. முழித்திருந்தால்தான். முழித்திருக்குமா. அக்காவுக்கு முதல்முறை பிரஷர் பார்த்த அன்று, கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை அடித்ததும் கூச்சத்தில் சிரிக்க ஆரம்பித்துவிட்டது, சிரிப்பை நிறுத்தினால்தான் அளவு சரியாக வரும் என்று சொல்லச் சொல்ல இன்னும் சிரித்தது, எனக்கும் தொற்றிக்கொண்டது, மூன்று முறை பார்த்தேன், மூன்றும் மூன்று அளவு. நான்காவது முறை பார்த்தபோது சிரிக்கவில்லை. நூற்றெண்பது. புருஷன் அதில்தான் போனார் என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கையில்தான் நான் பச்சை மாத்திரையைக் கொடுத்திருக்கிறேன். முருகா, நான் உனக்கு விரதம் இருந்ததில்லை, என் வீட்டுக்காரரும் இருந்ததில்லை, ஆனால் அந்த அம்மாள் இருக்கிறாளே, அவளுக்காகப் பார்.

கரை இறங்கினால் புதுத்தெருவின் ஏரிப்பக்கம். முதல் இரண்டு வீடுதான். அண்ணன் வாசலில் ஆள் இல்லை, நாற்காலி மட்டும் கிடந்தது. அக்கா வீட்டுக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. "அக்கா" என்றேன். சத்தம் இல்லை. "அக்கா" என்றேன், என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. கதவைத் தள்ளினேன், வெயிலிலிருந்து உள்ளே போனதால் ஒன்றும் தெரியவில்லை, முதலில் தெரிந்தது பாதம். தரையில் பாய்கூட இல்லாமல் ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தது அக்கா, வாய் லேசாகத் திறந்து, ரவிக்கை முதுகெல்லாம் வியர்வையில் நனைந்து. வியர்க்கும், அதுதான் முதலில் எழுதியிருந்தேன். அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். தோளைப் பிடித்து உலுக்கினேன், வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, நூற்றியெட்டு, நூற்றியெட்டு, போன் பையில் எங்கே, சர்க்கரையில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது, "அக்கா, யக்கா, கமலவேணியக்கா!"

"ஏண்டி இப்படி கத்துற?" என்றது அக்கா, கண்ணைத் திறக்காமலே. "வெள்ளன அஞ்சு மணிக்குப் பருத்தி எடுக்கப் போயிட்டு இப்பதான் வந்து தரைல சாஞ்சேன். கரண்டும் இல்ல, போனும் அணைஞ்சு கெடக்கு. செத்த நேரம் தூங்க விடமாட்டியா?" பேச்சு குழறவில்லை. கொஞ்சமும் குழறவில்லை, எப்போதும்போல வெடுக்கென்று, தெளிவாக, என்ன ஒரு அழகான பேச்சு. நான் அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தேன், நடுக்கம் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து சர்க்கரை மிஷினில் வைத்தேன். ஐந்து வினாடி எண்ணிக் காட்டும். ஐந்து, நான்கு. நூற்றுப் பதினெட்டு. இன்னொரு முறை பார்த்தேன், வேறு விரலில். நூற்றுப் பதினைந்து. "எனக்குத்தான் சர்க்கர இல்லியே, ஏன் குத்துற?" என்று அக்கா எழுந்து உட்கார்ந்து தலையை முடிந்துகொண்டது. அழுகை வந்துவிட்டது, அழுதுகொண்டே சொன்னேன், கட்டைத் திருப்பினதை, காலைத் திருப்பாததை, பச்சை மாத்திரையை. அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கொட்டாவி விட்டது.

"அது அன்னிக்கி சாயங்காலமே மாத்தியாச்சு" என்றது. எனக்குப் புரியவில்லை. "என்னோடது வெள்ளைல சின்னது, பொத்தான் மாதிரி. கவரத் தொறந்தா பச்ச. இது எதிர் வீட்டுதுன்னு தெரியாதா எனக்கு? கொண்டுபோயி அந்தாளு வீட்டுச் சொவத்து மேல வச்சிட்டு, இருமிட்டு வந்தேன்." அண்ணன் வெளியே வந்து பார்த்தாராம், கவரைப் பிரித்துப் பார்த்தாராம், உள்ளே போய்த் தன்னிடம் இருந்ததைக் கொண்டுவந்து அதே சுவரில் வைத்துவிட்டு அவரும் ஒரு இருமல் இருமினாராம். அக்கா போய் எடுத்துக்கொண்டதாம். "பேசுனீங்களா?" என்று கேட்டேன். "எதுக்குப் பேசணும்? சாக்கடைக்குத்தான சண்ட. மாத்திரைக்கு என்ன வந்துச்சு?" என்றது. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகை நிற்கவில்லை, இரண்டும் சேர்ந்து மூக்கில் ஒழுகியது. இத்தனை நாளாக ஒவ்வொரு வீட்டிலும் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன், ஆராய்ச்சி பண்ணாதீங்க, நான் குடுக்கறதக் கண்ண மூடிட்டு முழுங்குங்க என்று. நல்லவேளை, என் பேச்சைக் கேட்கவில்லை. அக்கா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, சும்மா இருக்காமல் சொன்னது, "இதுக்குப் போயி இப்படி அழுவுற. போன ரெண்டு தடவயும் மாத்திக்கிட்டுத்தான் இருந்தோம்."

ரெண்டு தடவையா. பொங்கலுக்கு அப்புறம் ஒருமுறை, மாசி மாதத்தில் ஒருமுறை. நினைத்துப் பார்த்தேன். ஆமாம், இரண்டு முறையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம் முடிந்து நேராகக் கரை வழியாக வந்தேன், ஏரிப்பக்கமாக நுழைந்தேன், கட்டைத் திருப்பினேன். புத்திசாலி. இரண்டு முறையும் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். "ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "நீ வெசனப்படுவ. யார்ட்டயாச்சும் ஒளறுவ, ஒன்னத் தூக்கிருவாங்க. அப்புறம் வேற ஒருத்தி வருவா. அவ வாசல்ல நின்னு குடுத்துட்டுப் போயிருவா, உள்ள வந்து உக்காருவாளா?" அதற்குமேல் அக்கா என்னைப் பார்க்கவில்லை, எழுந்து போய் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. குடித்தேன். அவமானமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. நான் இவர்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்திருக்கிறேன், இவர்கள் இருமி இருமி என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஆனாலும் அவமானத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது, குளிர்ச்சியாக, நெஞ்சு முழுக்க. அக்கா உயிரோடு நின்றுகொண்டு, தரையில் சிந்திக் கிடந்த சர்க்கரையைப் பார்த்து எறும்பு வரும் என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தது.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. நர்சம்மா ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார்கள், அக்காவை மேலும் கீழும் பார்த்தார்கள், மிஷினை வாங்கி அளவைப் பார்த்தார்கள், பிறகுதான் மூச்சு விட்டார்கள். சத்தம் கேட்டு தங்கராசண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, உள்ளே நுழையாமல் வாசற்படிக்கு வெளியே நின்றார். நடந்ததை நர்சம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். யார் முதலில் பார்த்தது, எப்போது மாற்றினது, அண்ணன் எந்த மாத்திரை போட்டார். அண்ணன், "எம்மாத்திரயத்தான் போட்டேன், தப்பா ஒண்ணுகூட உள்ள போவல" என்றார், சொன்னது நர்சம்மாவிடம், பார்த்தது சுவரை. நர்சம்மா நோட்டை எடுத்தார்கள். "இது எத்தன தடவ நடந்துச்சு?"

"இதான் மொத தடவ" என்றது அக்கா. "இதான் மொத தடவ" என்றார் அண்ணன். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது. நான்கு வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது, எனக்காக. நர்சம்மா என்னைப் பார்த்தார்கள். கவனமான ஆள் என்று எழுதிக் கொடுத்த அதே பேனாவாகக்கூட இருக்கலாம், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். அக்கா பின்னாலிருந்து என் புடவையைப் பிடித்து இழுத்தது. பேசாமல் இருந்துவிடலாம். தலையை ஆட்டினால்கூடப் போதும், எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டு வீடு இருக்கிறதே, எல்லா வீட்டுக்கும் எதிர் வீடு இருக்காதே, இருமுகிறவர்கள் இருக்கமாட்டார்களே.

"மூணு தடவ நர்சம்மா" என்றேன். "ஒவ்வொரு தடவயும் ஏரிப்பக்கமா வந்தப்ப. இவங்கதான் மாத்திக்கிட்டாங்க. எனக்கு இன்னிக்கித்தான் தெரியும்." அக்கா புடவையை விட்டுவிட்டது. அண்ணன், "அந்தப் புள்ளமேல ஒண்ணும் எழுதாதீங்கம்மா" என்றார். நர்சம்மா எழுதினார்கள். நிதானமாக, இரண்டு வரி. எழுதி முடித்துவிட்டு, "இனிமே கவர் மேல பேரு எழுதணும். வாசல்ல வச்சுப் பிரிச்சுக் காட்டணும். இது என்னோடதுதான்னு அவங்க வாயால சொன்னப்புறம்தான் குடுக்கணும். மேட்டுத்தெரு, மேட்டுக்காடு, எல்லா எடத்துலயும்" என்றார்கள். "இனிமே" என்று சொன்னார்கள். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்கள். "நாளைக்கு டாக்டர்கிட்ட வந்து நீங்களே சொல்லணும், நானும் கூட இருப்பேன்." சரி என்றேன். உடம்பெல்லாம் தளர்ந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன், அப்போதுதான் காலையிலிருந்து ஒன்றும் உள்ளே போகவில்லை என்று வயிறு சொன்னது, பசி என்றால் அப்படி ஒரு பசி, கல்லைக் கொடுத்தாலும் தின்பேன்.

"அக்கா, பழைய சோறு இருக்கா?" என்றேன்.